ஆறு கட்டை நீள லாச்சி

சிவக்கொழுந்தின் மேசை லாச்சி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வெளியே வரத் தொடங்கி, புதன் முழுக்க வந்து, வியாழன் முழுக்கப் பாரம் ஏற்றப்பட்டு, வெள்ளி மத்தியானம் ஆறு கட்டை தூரத்தில் கிடந்த அவளுடைய சொந்தக் காணியில் போய்த்தான் நின்றது. கட்டை என்றால் மைல். லாச்சி என்றால் மேசைக்குள்ளே செருகியிருக்குமே, பழைய திறப்பு, மருந்துத் துண்டு, பாதி எரிந்த மெழுகுதிரி என்று கண்டதையும் போட்டுத் தள்ளி மூடுகிற பெட்டி, அதுதான். கடலுக்கு அந்தப் பக்கத்தார் இழுப்பறை என்பார்கள். மேசையோ இரண்டரை அடி ஆழம். இரண்டரை அடி மேசைக்குள்ளிருந்து ஆறு கட்டை லாச்சி எப்படி வரும் என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டு இருக்கட்டும். கள்ளியடி முகாமில் ஒருவரும் கேட்கவில்லை, அவர்களுக்குத் தலைக்கு மேலே வேலை கிடந்தது.

கள்ளியடி முகாம் என்பது முப்பது வருசமாக ஊரைவிட்டு அலைந்த சேந்தான்துறைச் சனம் கடைசியாக வந்து தங்கின இடம். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் ஷெல் விழத் தொடங்கி ஊரே எழும்பி ஓடினபோது, மற்றச் சனம் அரிசி, நகை, ஆட்டுக்குட்டி என்று அள்ள, சிவக்கொழுந்து மட்டும் நாலு பேரை மறித்துப் பிடித்து மேசையை உழவு மிசினில் ஏற்றுவித்தாள். காணி உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, எல்லாரும் பைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட, அவள் தன் உறுதியை லாச்சிக்குள் வைத்து மூடினாள். பை சனநெரிசலில் தவறிப் போகலாம், மேசை தவறுமோ? வழியில் லாச்சி வழுக்கி விழாமல் இருக்க நாலு அங்குல ஆணி ஏழு அறைந்து, "இனி இதை வீட்டை போய்த்தான் திறக்கிறது" என்றாள். அடுத்த கிழமை போய்விடுவோம் என்றுதான் அன்றைக்கு எல்லாரும் நினைத்தார்கள்.

அடுத்த கிழமை வரவில்லை, அதற்கடுத்த கிழமையும் வரவில்லை, ஏழு இடம் மாறி, ஏழு இடத்திலும் மேசை சமையலுக்கும் படிப்புக்கும் பிரேதம் கிடத்துகிற வேலைக்கும் உதவி, லாச்சி மட்டும் ஆணியோடே இருந்தது. இது சிவக்கொழுந்துக்கு மட்டும் பிடித்த விசர் என்று நினைக்கக்கூடாது. கள்ளியடியில் வீட்டுக்கு ஒரு பொதி அப்படி அவிழாமல் கிடந்தது. பக்கத்துக் கொட்டிலில் யேசுரட்ணம் என்கிற கடற்றொழிலாளி தன்னுடைய படகு எஞ்சினைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தான். பாக்கியம் தன் வீட்டு வாசற்கதவையே கழற்றிக்கொண்டு வந்து, அதைப் பாயில் சுருட்டிச் சுவரில் சாத்தி வைத்திருந்தாள். சபாரத்தினம் வாத்தியார் பள்ளிக்கூட மணியைத் துணியால் கட்டி, நாக்கு அசையாதபடி பஞ்சு அடைத்து வைத்திருந்தார். அவிழ்த்தால் இங்கேயே இருந்துவிடுவோம் என்ற பயம்தான், வேறென்ன. அந்தப் பயத்தை அவர்கள் ஒழுக்கம் போலக் கடைப்பிடித்தார்கள்.

இப்படி இருக்கையில்தான் ஒரு திங்கட்கிழமை சிவக்கொழுந்தின் பேருக்குக் கடிதம் வந்தது. படித்தவள் மகள் தவமலர். அவளுக்கு ஐம்பத்தாறு வயது, முகாம் சங்கக்கடையில் அரிசி நிறுக்கிறவள், கலியாணம் பேசி வந்த இரண்டு பேரையும் "வீட்டை போனபிறகு பாப்பம்" என்று தாய் திருப்பி அனுப்பியதைப் பற்றி இன்றைக்கும் ஒரு சொல் சொல்லாதவள். இராணுவம் பிடித்து வைத்திருந்த சேந்தான்துறைக் காணிகளை விடுவிக்கப் போகிறார்களாம். வெள்ளி பின்னேரம் நாலு மணிக்குள் உரிமைக்காரர் உறுதியோடு தன் காணியில் வந்து நிற்கவேண்டுமாம். நில்லாவிட்டால் அது உரிமையாளர் இல்லாத காணி என்று எழுதப்படுமாம். தவமலர் கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். மறுநாள், செவ்வாய் காலை, தாய்க்கு முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, லாச்சி ஆணியைக் கழட்டப் போறன்."

"வீட்டை போய்க் கழட்டு."

"வீட்டை போறதுக்குத்தானணை உறுதி வேணும்!"

"உறுதி உள்ளுக்கை இருக்கெண்டு அவைக்குச் சொல்லு."

"சொன்னா நம்புவினமே? நானே அதைக் கண்ணாலை கண்டதில்லை."

"என்ரை மேசை, நான் அறைஞ்ச ஆணி. நீ அண்டைக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிண்டனி, உனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு எண்பத்தாறு வயது சிவக்கொழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். தவமலருக்கு வந்த கோபத்தில் காது இரண்டும் சுட்டது. போய் யேசுரட்ணத்திடம் குறடு வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஏழு ஆணியும் கீச்சிட்டுக்கொண்டு வந்தன. பித்தளைக் கைபிடியைப் பிடித்து இழுத்தாள். ஒரு அடி வந்தது, வெறும் பலகை. இரண்டு அடி வந்தது, வெறும் பலகை. மூன்றாவது அடியில் லாச்சி முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. நாலு, ஐந்து, ஆறு என்று பின்னடி வைத்துப் பின்னடி வைத்து அவள் கதவு வரைக்கும் போக, கதவைத் தாண்டி முற்றத்துக்குப் போக, முற்றத்தைத் தாண்டி ஒழுங்கை என்கிற குறுக்குத் தெருவுக்குப் போக, அவளோடு லாச்சியும் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே ஒரு தூசி இல்லை, ஒரு கடதாசித் துண்டு இல்லை. ஒழுங்கைக்கு வந்தபிறகு அவள் கையை விட்டாள், லாச்சி தானாக வரத் தொடங்கியது.

"கோதாரி" என்றாள் பாக்கியம், கிணற்றடியிலிருந்து. "என்னடி இது, முடியாதே?"

"முடியிற மாதிரித் தெரியேல்லை அக்கா."

"அப்ப என்ரை மிளகாயை ஒருக்கா அதுக்குள்ளை காயப் போடட்டே? நல்ல வெயில் படுது."

முகாம் அந்த லாச்சியை இப்படித்தான் எடுத்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் முதல் இருபது அடியில் மிளகாய் காய்ந்தது, அடுத்த பத்தடியில் பாக்கியத்தின் பூனை குட்டிகளோடு குடிவந்தது, தபால்காரர் வெயிலில் ஒவ்வொரு கொட்டிலாக அலையாமல் கடிதங்களை லாச்சியில் போட்டுவிட்டுப் போனார். லாச்சியைத் தாண்டிப் போக யேசுரட்ணம் ஒரு பலகைப் பாலம் அடித்தான். புதன் காலை சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்து, மழை பெய்தால் தண்ணீர் தேங்கும், நுளம்பு முட்டையிடும், டெங்கு வரும் என்று நீளத்துக்கும் குனிந்து பார்த்துக்கொண்டு போய், ஒரு கட்டை தூரம் நடந்து களைத்து, "இப்போதைக்கு நுளம்பு இல்லை" என்று எழுதிக் கொடுத்தார். அவர் எழுதியதில் லாச்சி ஏன் ஒரு கட்டை நீளம் என்ற கேள்வியே இல்லை, அது அவருடைய பிரிவுக்குள் வராது.

மற்றவர்களுக்கு அது மிளகாய் காயப் போடுகிற இடம். தவமலருக்கு அது உறுதி இல்லாத நீளம். அடி அடியாக அவள் குனிந்து பார்த்தாள், ஒவ்வொரு அடியும் துடைத்து வைத்ததுபோல் வெறுமையாய் இருந்தது. அம்மா உண்மையிலேயே உறுதியை வைத்தாளா, இல்லை அந்த ஓட்டத்தில் வைத்ததாக நினைத்தாளா? இதைத் தாயிடம் கேட்காமல் அடுத்த அடியைக் குனிந்து பார்த்தாள்.

புதன் பின்னேரம் கைப்பேசியில் குடும்பம் கூடியது. சிவக்கொழுந்துக்கு மொத்தம் நாலு பிள்ளைகள். தவமலர் தவிர மற்ற மூவரும் ஓடின ஓட்டத்தில் மூன்று நாட்டில் போய் விழுந்தவர்கள். ராசன் ஒல்லாந்தில், அதாவது நெதர்லாந்தில், கனகமலர் ஜெர்மனியில், சுந்தரேசன் டென்மார்க்கில். தவமலர் கைப்பேசியைத் தூக்கி லாச்சியைக் காட்டினாள்.

"அக்கா, அது எங்கடை லாச்சியெல்லே!" என்றான் ராசன். "உந்தச் சொல்லே இஞ்சத்தையான்தான், தெரியுமே? இவங்கள் லாட்சே எண்டுறாங்கள், சின்ன இழுவைப் பெட்டி. எங்கடை குசினியிலை கரண்டி போடுற லாட்சே இருக்கு. முந்தி எங்கடை பக்கம் கோட்டை கட்ட வந்த உலாந்தாக்காரன், இந்த ஒல்லாந்து ஆள்தான், விட்டிட்டுப் போன சொல்லு. ஜாவாவிலையும் விட்டிட்டு வந்தவன், அங்கையும் லாச்சிதானாம்."

"ஒபிசுக்குச் சொல்லுற கந்தோரும் அவன்ரை, கக்கூசும் அவன்ரை" என்றார் வாசலில் நின்ற சபாரத்தினம் வாத்தியார். "கோட்டையைக்கூட இடிக்கலாம், இதுகளை இடிக்கேலாது."

கனகமலர் குறுக்கே வந்தாள். "இஞ்சை ஜெர்மனியிலை லாடே எண்டா பெட்டகமும்தான். வேதத்திலை வாற உடன்படிக்கைப் பெட்டிக்கும் அந்தச் சொல்லுத்தான். முந்தி தச்சர், கொல்லர் சங்கங்களுக்கும் ஆளுக்கொரு லாடே இருந்ததாம், பத்திரமெல்லாம் அதுக்குள்ளை. அது திறந்திருக்கிற நேரம் ஒருத்தரும் சண்டை பிடிக்கக்கூடாதாம்."

"எங்கடை பக்கம் அது இன்னும் பெரிசு" என்றான் டென்மார்க் சுந்தரேசன், எப்போதும்போல விடாமல். "இஞ்சை லாத எண்டா வைக்கல் அடுக்கிற கொட்டில். வண்டில் உள்ளுக்கை போகும்."

"ஒரு லாச்சிக்கு நாட்டுக்கொரு அளவோ?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டாள் சிவக்கொழுந்து. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

"இல்லையம்மா, எல்லாம் ஒரு குடும்பம்" என்றான் ராசன். "என்ரை மகள் புத்தகத்திலை பாத்தவள். லாட்சே, லாடே, லாத, வெள்ளைக்காரன் பாரம் ஏத்தினதுக்குச் சொல்லுற லேடன், எல்லாத்துக்கும் அடி ஒண்டுதானாம். ஆதியிலை அந்தச் சொல்லுக்கு அர்த்தம் திறக்கிறதும் இல்லை, இழுக்கிறதும் இல்லை. ஏத்திறது. பாரம் ஏத்தி அடுக்கிறது."

சிவக்கொழுந்து மெதுவாகச் சுவரைவிட்டுத் திரும்பினாள். இரண்டு நாளாகக் காய்ந்த முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"அப்ப முந்தியே சொல்லியிருக்கலாமெல்லே" என்றாள். "திறக்கிறதெண்டா வீட்டை போய்த்தான். ஏத்திறதெண்டா இப்பவே ஏத்தலாம். ஏத்தாத வெறும் லாச்சி பின்னை என்னெண்டு நிக்கும்? ஓடத்தானே செய்யும்?"

அந்த நேரத்தில் யேசுரட்ணம் மூச்சு வாங்க ஓடி வந்தான். லாச்சி பெரிய றோட்டு முச்சந்திக்குப் போய்ச் சேர்ந்து, ஒருவரும் தொடாமல், ஒருவரும் சொல்லாமல், வடக்கே திரும்பிவிட்டதாம். வடக்கே என்றால் சேந்தான்துறை. பிறகு யேசுரட்ணம், "எட தம்பிமாரே, எஞ்சினைத் தூக்க ஒரு கை தாருங்கோ" என்று கத்திக்கொண்டு போனான்.

வியாழக்கிழமை முழுக்க ஏற்றினார்கள். எஞ்சின் ஏறியது, வாசற்கதவு ஏறியது, மணி ஏறியது, அதன் பின்னால் தையல் மிசின் ஏறியது, ஆட்டுக்கல் ஏறியது, குசினி ஓடுகளில் தப்பிய பன்னிரண்டு ஓடு ஏறியது, யாரோ ஒருத்தியின் கூறைச்சேலை ஏறியது, யாரோ ஒருவனின் படகுக்கு எழுதின பேர்ப்பலகை ஏறியது, முப்பது வருசம் அவிழாத அத்தனை பொதியும் அவிழாமலே ஏறின. தண்ணீர்க் குழாயடியில் தினமும் தலைமயிரைப் பிடிக்கிற பெண்கள் அன்றைக்கு வாளியை மாற்றி மாற்றிப் பிடித்துக் கொடுத்தார்கள். கனகமலர் சொன்ன கதை முகாம் முழுக்கப் பரவியிருந்தது, திறந்த லாச்சிக்கு முன்னால் சண்டை பிடிக்க எல்லாருக்கும் பயமாய் இருந்தது. தவமலர் சங்கக்கடையைப் பூட்டிவிட்டு வந்து, அடுக்கினதைக் கயிறு போட்டு இறுக்கினாள். பாரம் ஏற ஏற லாச்சி ஆடாமல் நிதானமாக நின்றது.

வெள்ளி விடியக் கிளம்பியது. தவமலர் பித்தளைக் கைபிடியில் ஒரு கை வைத்தபடி கூடவே நடந்தாள். ஆறு கட்டையில் மிச்சத் தூரம் முழுக்க. சோளகக் காற்று அடித்தது, றோட்டுக் கரையில் பஸ் நின்று வழிவிட்டது, கொண்டக்டர் தொப்பியைக் கழற்றினான். புதிதாய்த் திறந்த முட்கம்பிக் கதவுக்குள்ளால் லாச்சி போனபோது காவலுக்கு நின்ற பெடியன் பட்டியலைப் பார்த்தான். லாச்சியைத் தடுக்கச் சொல்லி அதில் எழுதியிருக்கவில்லை. நாயுண்ணிப் பற்றையை விலக்கிக்கொண்டு, அவளுக்கே அடையாளம் தெரியாத ஒழுங்கையில் திரும்பி, கூரையில்லாத, சுவரில்லாத, அத்திவாரமும் நாலு படியும் அதை ஒட்டிய கிணற்றுத் தூணும் மட்டும் மிச்சமிருந்த ஒரு இடத்தில் லாச்சி நின்றது. படியில் கால் வைத்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாலாம் படி அன்றைக்கும் ஆடியது, இன்றைக்கும் ஆடியது, அவள் அதிலேயே இருந்து விக்கி விக்கி அழுதாள்.

அழுது முடிக்கும் வரைக்கும் காணி அதிகாரி அருளானந்தம் குடையைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் அவர் கையிலிருந்த பட்டியல் கறாரானது.

"உறுதி எங்கை பிள்ளை?"

"லாச்சிக்குள்ளை ஐயா."

அவர் ஒழுங்கை வழியே நீண்டு போகிற லாச்சியைப் பார்த்தார். "எந்த இடத்திலை?"

"கடைசியிலை. கடைசி இன்னும் மேசைக்குள்ளை கிடக்கு. மேசை கள்ளியடியிலை."

"இப்ப மணி ஒண்டரை" என்றார். "நாலுக்கு நான் எழுதி முடிச்சுப் போட்டுப் போகவேணும். எனக்கு மேலையும் ஆக்கள் இருக்கினம்."

தவமலர் லாச்சியை இன்னும் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை, வந்து சேரவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது, இனி இழுத்தால் ஏன் வரப்போகிறது? வாழ்க்கையில் எத்தனை லாச்சியை அவள் திறந்திருக்கிறாள், எத்தனையை மூடியிருக்கிறாள்! சங்கக்கடை லாச்சி ஒன்று, தள்ளினால் மூடாது, லாச்சியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மேசையைத்தான் முன்னே தள்ளவேண்டும். அட, அவ்வளவுதானே! கிணற்றுத் தூணில் கிடந்த கம்பியை எடுத்துக் கைபிடியை அந்தத் தூணோடேயே முறுக்கிக் கட்டினாள். பிறகு கைப்பேசியை எடுத்தாள்.

"யேசுரட்ணம் அண்ணை, அம்மாவைத் தூக்கி மேசையிலை இருத்துங்கோ. இருத்திப்போட்டு எல்லாருமாப் பின்னாலை நிண்டு தள்ளுங்கோ. லாச்சியை மூடப்போறம்."

"தள்ளினா எங்கை வரும்?"

"இஞ்சை வரும்."

பிறகு சிவக்கொழுந்தின் குரல் கேட்டது: "என்ரை செருப்பை எடுத்துத் தாருங்கோடா, ஊருக்கை வெறுங்காலோடை போறதே?"

இரண்டு மணியானது, இரண்டரையானது. அருளானந்தம் மற்றக் காணிகளைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி குடையோடு நின்றார். மூன்றரையானது. தவமலர் கிணற்றுத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையையே பார்த்தாள். அம்மா வைக்காமல் இருந்திருந்தால்? செல்லரித்திருந்தால்? இவ்வளவு சனத்தையும் வெயிலில் ஆறு கட்டை தள்ள வைத்து, கடைசியில் வெறும் பலகை வந்து நின்றால்?

நாலுக்குப் பத்து நிமிசம் இருக்க ஒழுங்கை முடக்கில் மேசை திரும்பியது. மேலே கால் இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு, செருப்பும் போட்டு, குடையும் பிடித்துக்கொண்டு சிவக்கொழுந்து இருந்தாள். பின்னால் யேசுரட்ணம் வலை இழுக்கிற மாதிரி ஏலேலோ பாட, பாக்கியமும் வாத்தியாரும் கள்ளியடி முகாம் முழுக்கவும் மேசையில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது. மேசை வர வர லாச்சி எஞ்சினோடும் கதவோடும் மணியோடும் அதன் வயிற்றுக்குள் போய்க்கொண்டே இருந்தது. அத்திவாரத்தில் ஏறி, முந்தி நின்ற மூலையில் நின்று, கடைசி முழமும் உள்ளே போக, லாச்சி டக் என்று மூடிக்கொண்டது.

"உறுதி" என்றார் அருளானந்தம்.

தவமலர் கம்பியை அவிழ்த்துக் கைபிடியைப் பிடித்து இழுத்தாள். ஒரு முழம் வந்தது, நின்றது. உள்ளே எல்லாருடைய பொதியும் இருந்தது, ஒன்றோடு ஒன்று முட்டாமல். எல்லாவற்றுக்கும் மேலே சிவக்கொழுந்தின் பழைய சேலைத் துண்டில் சுற்றி உறுதி இருந்தது. எடுத்துக் கொடுத்த மகளைப் பார்த்து, "நான் வைச்சனானெண்டு உனக்குச் சந்தேகம்" என்றாள் சிவக்கொழுந்து. தவமலர் ஓம் என்று தலையாட்டிக்கொண்டே தாயின் மடியில் முகத்தை வைத்தாள்.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். எல்லைகளைச் சரிபார்க்கவேண்டும், அது முறை. "வடக்கு, கடல்." நிமிர்ந்து பார்த்தார், கடல் இருந்தது. "கிழக்கு, சூசை மகன் சவிரிமுத்தின் காணி." சுற்றவரப் பற்றை. "இப்ப ஆர் அதைச் சொல்லுறது?"

"சவிரிமுத்து என்ரை அப்பா" என்றான் யேசுரட்ணம், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "நான் நிக்கிறன்."

"மேற்கு, கோவிந்தர் மகள் பாக்கியம்."

"நிக்கிறன்."

"தெற்கு, ஒழுங்கையும் சபாரத்தினம் வாத்தியார் வளவும்."

"நிக்கிறன்" என்றார் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும்போது சொல்கிற மாதிரியே சொன்னார்.

அருளானந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கையெழுத்துப் போட ஒரு தட்டையான இடம் தேடினார். சேந்தான்துறையில் அன்றைக்கு இருந்த ஒரே மேசை அதுதான். சிவக்கொழுந்து இறங்கி இடம் விட்டாள். அவளுடைய தாளை முதலில் வைத்து எழுதினார், பிறகு யேசுரட்ணத்தினுடையது, பிறகு பாக்கியத்தினுடையது, பின்னால் வரிசை கிணற்றடி தாண்டிக் கடற்கரை வரைக்கும் நின்றது. மணி நாலைத் தாண்டி ஐந்தாகியும் அவர் நேரத்தைப் பார்க்கவில்லை. எழுத எழுத வயிற்றில் இடித்த லாச்சியை உள்ளே தள்ளப் போனார், சிவக்கொழுந்து எட்டி அவர் கையைப் பிடித்தாள்.

"மூடாதேங்கோ தம்பி" என்றாள். "சனம் இன்னும் எடுத்து முடிக்கேல்லை."